எந்தக் குழி கடினமானது?

நமது ஜில்லாவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர், சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். தோளில் நீண்ட பை ஒன்று தொங்கிற்று. அதனுள் பளபளக்கும் கோல்கள் பதினான்கு. "தண்ணீர், வரி, தேர்தல் என்று நாள் தவறாமல் எழுதுகிறீர்கள். நம் பக்கத்துக் கோல்ப் மைதானங்களில் எவை சிறந்தவை, அவற்றில் எந்தக் குழி மிகக் கடினமானது என்று ஒரு நாளாவது எழுதக்கூடாதா? ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ ஒரு மைதானம் அமைய வேண்டுமென்று பிரஸ்தாபிக்கக்கூடாதா?" என்று கேட்டார். கேட்டவர் நல்லவர், கேள்வியும் நியாயமானதே. ஆகவே இன்றைய தலையங்கத்தை அவருடைய கேள்விக்கே ஒதுக்குகிறோம். நமது பதில் அவருக்கு முழுத் திருப்தி அளிக்குமா என்பது வேறு விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நமக்குக் கோல்ப் ஆட்டத்தின் மீது துவேஷம் கிடையாது. அந்நியர் கொண்டுவந்தது என்பதற்காக ஒரு விளையாட்டைத் தள்ளிவிட வேண்டுமென்றால், கிரிக்கெட்டையும் கால்பந்தையும் தள்ள வேண்டியதுதான். அப்படிச் சொல்லும் துணிவு தமிழ்நாட்டில் எவருக்கும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. கோல்ப் ஆட்டக்காரர் தம் பந்தைத் தாமே அடித்துக்கொண்டு, தம் அடிகளைத் தாமே எண்ணிக்கொண்டு, நாலைந்து மைல் நடக்கிறார். பெரும்பாலும் பக்கத்தில் நடுவர் இருப்பதில்லை. யாரும் பார்க்காதபோதும் பொய்க் கணக்கு எழுதாமலிருக்கப் பழக்கும் விளையாட்டு, ராஜீய வாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு மிகவும் தேவையானதென்றே சொல்வோம்.

விளையாட்டு தெரியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. மைதானத்தில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலம். 1891-ம் வருஷத்திலேயே இந்த அளவு சட்டமாகிவிட்டது. சில நூறு கெஜ தூரத்திலிருந்து, எலுமிச்சம்பழ அளவுள்ள பந்தைக் கோலால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் விழச் செய்யவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரனுக்கு இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவன் வென்றவன். குழி கடினமாவதற்குக் காரணங்கள் பல: வழியில் ஓடை, மணற்பள்ளம், மரம், சரிவு, இவற்றுக்கெல்லாம் மேலாகக் காற்று. அமெரிக்காவில் அகஸ்டா என்னும் மைதானத்தின் பன்னிரண்டாவது குழி நூற்றைம்பத்தைந்து கெஜ தூரந்தான். மூன்று அடிகளில் முடிய வேண்டியது. அதன் முன்னால் ஒரு சிற்றோடை. உலகப் பிரசித்தி பெற்ற டைகர் வுட்ஸ் 2020-ம் வருஷத்தில் அந்த ஒரே குழிக்குப் பத்து அடிகள் எடுத்துக்கொண்டார். பெரியவர்களையும் தலைகுனிய வைப்பது நல்ல குழியின் லட்சணம்.

இந்தியாவுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு நெடுநாளையது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஏற்பட்ட முதல் கோல்ப் கிளப் 1829-ல் கல்கத்தாவில் தோன்றியது. நமக்கு அருகே பெங்களூரில் 1876-ல் ஒன்று ஏற்பட்டது. நகரம் வளர்ந்து, பொது வீதிகள் அந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்கின்றன. பந்துக்கு வழியில் ஓடை தடையாக இருப்பதைப்போல் அங்கே பஸ்ஸும் மோட்டாரும் ஓடுகின்றன. கோடைக்கானல் கிளப் 1895-ல் தோன்றியது. சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில், மேடும் பள்ளமுமாக உருண்டு செல்லும் புல்வெளியில் அதன் குழிகள் அமைந்திருக்கின்றன. அங்கே மேகம் இறங்கிவிட்டால் கொடி தெரியாது. மேகம் விலகும்போது, கொடிக்குப் பக்கத்தில் காட்டெருதுக் கூட்டம் மேய்ந்துகொண்டிருப்பதும் உண்டு. அதற்குக் கோல்ப் சட்டத்தில் என்ன பரிகாரம் என்று நம் நண்பரைக் கேட்டோம். "தூர நின்று காத்திருப்பதுதான்" என்றார்.

உதகமண்டலத்து மைதானம் வென்லாக் புல்வெளியில் இருக்கிறது. 1891 முதல் 1896 வரையில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. அதற்கு முன் அங்கே எருமை மேய்த்துவந்த தோடர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே பந்து சமவெளியில் போவதைவிட அதிக தூரம் பறக்கும். சென்னையிலிருந்து போகும் ஆட்டக்காரன் தன் கைக் கணக்கை நம்பி அடித்தால், பந்து கொடியைத் தாண்டிச் சீமை முட்புதரில் போய் விழும். மஞ்சள் பூப் பூக்கும் அந்தப் புதரும் துரைமார் ஊரிலிருந்து வந்து குடியேறியதுதான்.

சென்னையில் இரண்டு மைதானங்கள் பெயர் பெற்றவை. கிண்டியில், குதிரைப் பந்தயப் பாதையின் வளையத்துக்குள்ளேயே, ஜிம்கானா கிளப்பார் நெடுங்காலம் ஆடிவந்தார்கள். நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. இந்தியரும் ஐரோப்பியரும் கலந்து பழகுவதற்கென்று 1873-ல் தோன்றிய கிளப் அது. அப்படி ஒரு கிளப்பைத் தனியே ஏற்படுத்த வேண்டியிருந்ததிலிருந்தே மற்றக் கிளப்புகளின் நிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1947-ல் சுதந்திரக் கொடி ஏறிய பின்னும் பல வருஷ காலம் இந்தியரை அங்கத்தினராகச் சேர்க்காத கிளப் சென்னையிலேயே இருந்தது.

இவையெல்லாம் நண்பர் கேட்ட கேள்விக்கு நேரான பதில்கள். ஆனால் திருப்பத்தூரில் உட்கார்ந்து இந்தத் தலையங்கத்தை எழுதுகிற நமக்கு மிகவும் நெருங்கிய கோல்ப் மைதானம் இவற்றில் எதுவும் அல்ல. ஜோலார்பேட்டையில் ரயிலேறிப் பங்காருபேட்டையில் மாறினால், கிளை ரயில் மாரிக்குப்பத்தில் கொண்டுபோய் விடும். அதுதான் கோலார் தங்க வயல். 1880-ம் வருஷம் முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கம் தோண்டினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஏழைத் தமிழர்கள், பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பஞ்சத்துக்கும் பண்ணைக் கொடுமைக்கும் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பூமிக்கு மேலே துரைமாருக்குப் பங்களா, கிளப், கோல்ப் மைதானம். பூமிக்குக் கீழே நம் ஜில்லாக்காரர்களுக்குச் சுரங்கம். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிற்று. பாறை வெடிப்பில் சிக்கி மாண்டவர்களும், நுரையீரலில் கல்தூசி படிந்து இருமி இருமி இறந்தவர்களும் நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை குடும்பங்களின் முன்னோர்கள்! 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்ணின் மேடுகள் மட்டும் குன்றுகளாக நிற்கின்றன.

நாலேகால் அங்குலக் குழி ஒன்று, மூன்று கிலோமீட்டர்க் குழி ஒன்று, இரண்டும் ஒரே ஊரில். எது கடினமான குழி என்று நம் நண்பர் கேட்கிறார். அவருடைய பாட்டனாரைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. யாருக்கு நிலம், யாருக்கு உழைப்பு என்று அன்று போட்ட பங்கீட்டின் சாயல் இன்றும் இந்த விளையாட்டை விட்டு நீங்கவில்லை என்பதாலேயே எழுதுகிறோம்.

கோல்ப் மைதானத்தில் கோல்ப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் ஆளுக்கு இங்கிலீஷில் 'காடி' என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் 'கேடி'ப் பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஆனால் கிளப் வாயிலில் இருவருக்கும் கிடைக்கும் மரியாதையில் அதிக வித்தியாசம் இருந்ததில்லை. காற்று எப்பக்கம் வீசுகிறது, புல் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தக் கோலை எடுக்கவேண்டும் என்பதையெல்லாம் எஜமானுக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவனே. அவனிடம் கோலைக் கொடுத்தபோது என்ன நடந்தது? 1964-ல் தொடங்கிய இந்திய ஓபன் போட்டியில் 1991-ம் வருஷம் வெற்றி பெற்ற அலி ஷேர், டில்லி கிளப்பில் பை தூக்கியவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் பை தூக்கியவரே. 2016-லும் 2017-லும் தொடர்ந்து வென்ற சௌராசியா, கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன். பின்வாசல் வழியாக நுழைந்தவர்கள் இவ்வளவு சாதித்திருக்கிறார்கள். முன்வாசல் திறந்திருந்தால் இந்தத் தேசத்துக்கு இன்னும் எத்தனை வீரர்கள் கிடைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே நம் நாட்டுக் கோல்ப் மைதானங்களில் மிகக் கடினமான குழி எதுவென்றால், முதல் குழிக்கும் முன்னால் இருக்கும் வாயிற்படிதான் என்பது நமது தீர்ந்த அபிப்பிராயம். 2014-ம் வருஷத்தில் சென்னையில் ஒரு விளையாட்டுக் கிளப்பில், வேஷ்டி கட்டி வந்த காரணத்துக்காக ஹைகோர்ட் நீதிபதி ஒருவரே தடுத்து நிறுத்தப்பட்டார். அதே வருஷத்தில் சட்டசபை தனிச் சட்டம் இயற்றி அந்த வழக்கத்தை ஒழிக்கவேண்டியிருந்தது. வேஷ்டிக்கு வழி பிறந்தது சரி. வேஷ்டி கட்டியவன் கையில் பணமில்லாவிட்டால் வழி பிறந்ததா?

"தனியார் கிளப், தனியார் இஷ்டம், உமக்கென்ன?" என்று கேட்பார்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய சொந்த நிலமென்றால் நாம் பேசுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் நம் நாட்டில் பெரிய மைதானங்கள் பல பொது நிலத்திலும், அற்பக் குத்தகையிலும் வளர்ந்தவை. கிண்டியையே எடுத்துக்கொள்வோம். பந்தயக் கிளப்புக்கு 160.86 ஏக்கர் சர்க்கார் நிலம் 1945-ல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. பிற்காலத்தில் வாடகையை உயர்த்தியதில் தகராறு மூண்டு, பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சர்க்கார் கணக்கிட்டு, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குப் பூட்டுப் போட்டது. பந்தய வளையத்துக்குள் ஆடிவந்த கோல்ப் கிளப்பாரும் ஹைகோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. வழக்கில் எந்தக் கட்சி சரியென்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. வக்கீல் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் அடக்கம் அது. அந்த இடத்தில் மழை நீருக்குக் குளங்களும் ஜனங்களுக்குப் பூங்காவும் அமைப்பதாகச் சர்க்கார் அறிவித்ததை மட்டும் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். பூங்காவின் கதவும் கட்டணத்தால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும்படி கூடவே எச்சரிக்கிறோம்.

இங்கே கோல்ப் பிரியர்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த ஆட்டத்தின் தாய்வீடு ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறு கடற்கரைப் பட்டணம். அங்குள்ள பழைய மைதானத்தின் பதினேழாவது குழி, உலகத்திலேயே கடினமானவற்றுள் ஒன்றென்று பெயர் வாங்கியது. ஹோட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாகக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல் முதல் அடியை அடிக்கவேண்டும். இலக்குக்குப் பின்னால் ஊர்ச் சாலை, முன்னால் ஆழமான மணற்பள்ளம். 1978-ல் ஜப்பானிய வீரர் நாகஜிமா அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்து, அந்த ஒரு குழிக்கு ஒன்பது அடிகள் எண்ணினார். ஆனால் அந்த மைதானம் யாருக்குச் சொந்தம்? எந்தப் பிரபுவுக்கும் அல்ல, எந்தக் கிளப்புக்கும் அல்ல. 1552-ம் வருஷத்துச் சாஸனம் ஒன்று, அந்தக் கடற்கரை மணல்வெளியில் முயல் வளர்க்க அர்ச்பிஷப்புக்கு அனுமதி கொடுத்தபோதே, பட்டணத்து ஜனங்கள் அங்கே கோல்பும் பந்தும் ஆடும் உரிமையை உறுதி செய்துவிட்டது. 1974-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின்படி ஒரு பொது டிரஸ்டு அதை நிர்வகிக்கிறது. எந்த ஊர்க்காரனும் சீட்டுப் போட்டுத் தன் முறை வந்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது என்பது வழக்கம். அன்றைக்கு ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லின் மேல் உலாவப் போகிறார்கள்.

துரைமார் கோலையும் பந்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பொது வழக்கத்தை மட்டும் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். துரைமார் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அவர்கள் விட்டுப்போன வேலியை நாம் ஏன் காத்துக்கொண்டிருக்க வேண்டும்?

இனி ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் வருவோம். அங்கே பெரிய கோல்ப் மைதானம் வேண்டுமென்ற யோசனையை நாம் எதிர்க்கிறோம். பதினெட்டுக் குழி மைதானம் நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் கேட்கும். கோடைக் காலத்தில் அதன் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பாலாறு மணலாறாகி வெகுகாலமாயிற்று. இருக்கும் ஊற்று நீரையும் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்தது. வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த அந்த வழக்கில்தான் 1996-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார், கேடு நேருமுன் தடுக்கவேண்டும் என்பதும், கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று தீர்ப்பளித்தார்கள். ஆறும் காடும் ஜனங்களுக்காகச் சர்க்கார் வைத்திருக்கும் அடைக்கலப் பொருள் என்று அதே வருஷத்தில் இன்னொரு வழக்கிலும் சொன்னார்கள். அத்தகைய தீர்ப்புக்குக் காரணமாயிருந்த மண்ணில் வாழ்கிற நாம், சிலர் பந்தடிக்கும் புல்லுக்காக ஊற்றை இறைத்துக் கொடுக்கலாமா?

மலையில் நிலம் சும்மா கிடக்கவில்லை. ஜவ்வாது மலையில் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கிறார்கள், தேனெடுக்கிறார்கள், புளி பறிக்கிறார்கள். 'காலி நிலம்' என்று நகரத்தார் சொல்வது அவர்களுக்கு மேய்ச்சல் நிலம். மேலும், காவலூரில் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி அங்கே வானத்தைத் துருவிக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டியது இருள். மைதானம் வந்தால் விடுதி வரும், விடுதி வந்தால் விளக்கு வரும். நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு குழிக்கு வெளிச்சம் போடுவது நமக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

அப்படியானால் நம் பையன்களுக்குக் கோல்ப் வேண்டாமா? வேண்டும். கோலிக் குண்டை விரலால் தெறித்துக் குழியில் விழச் செய்யாத திருப்பத்தூர்ப் பையன் உண்டா? கிட்டிப்புள்ளைக் கோலால் எழுப்பி அடிக்காத கை உண்டா? கண்ணும் கையும் தயாராக இருக்கின்றன. வறண்ட பிரதேசங்களில் புல்லுக்குப் பதிலாக, சலித்த மணலை அழுத்திச் சமன் செய்து அதில் குழி அமைத்து ஆடும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை. நமது உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்றின் மைதானத்தில் மூன்று குழியோ ஐந்து குழியோ அப்படி அமைத்து, பழைய கோல்கள் பத்தைச் சேகரித்துக் கொடுத்தால் போதும். நம் நண்பர் இந்தக் கைங்கரியத்தைத் தொடங்கட்டும். அவர் பையிலுள்ள பதினான்கில் இரண்டைக் கொடுக்கட்டும். நமது காரியாலயமும் தன் பங்கைச் செலுத்தும்.

சர்க்காருக்கும் கிளப்புகளுக்கும் நமது கோரிக்கை நான்கு. பொது நிலத்தில் உள்ள ஒவ்வொரு கோல்ப் மைதானமும் வாரத்தில் ஒரு நாளாவது ஜனங்கள் உலாவவும், சொற்பக் கட்டணத்தில் ஆடவும் திறந்திருக்க வேண்டும். குத்தகைப் பத்திரத்திலேயே இந்த நிபந்தனை ஏறவேண்டும். பை தூக்கும் தொழிலாளருக்குச் சம்பளமும் காப்பும் ஏற்படவேண்டும். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆடும் நேரம் ஒதுக்கவேண்டும். சுத்திகரித்த கழிவு நீரைத் தவிர வேறு தண்ணீரைப் புல்லுக்கு விடக்கூடாது. மலைக்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் புதிய மைதானம் எதற்கும் அனுமதி கூடாது.

இவற்றில் எதுவும் நடக்காத காரியமல்ல. நானூற்றெழுபது வருஷங்களுக்கு முன் ஒரு மீன்பிடிப் பட்டணத்து ஜனங்கள் தங்கள் மணல்வெளிக்கு எழுதி வாங்கிய உரிமையைத்தான் கேட்கிறோம். தேசத் தொண்டர்கள் இந்த விஷயத்தைச் சீமான்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாமல், தத்தம் ஊரில் எந்தப் பொது நிலம் எந்தக் கிளப்பிடம் எத்தனை ரூபாய்க்கு இருக்கிறதென்று தகவல் பெறும் சட்டத்தின் மூலம் கேட்டு எழுதுவார்களாக. வரும் விவரங்களை ஒன்றுவிடாமல் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.